அறுப்பு ஹலால், அதற்கு முந்திய நாட்களுக்கு யார் சாட்சி?

கோழி இறைச்சி வாங்கும்போது நம்மில் பெரும்பாலானோர் மூன்று விடயங்களைப் பார்க்கிறோம்: விலை, காலாவதித் திகதி, ஹலால் இலச்சினை. ஊர்க் கடையில் கண்ணெதிரே அறுத்து வாங்குபவர், இலச்சினைக்குப் பதிலாக அறுப்பவர் யார் என்று பார்த்துக்கொள்கிறார். நாம் கேட்காத நான்காவது கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கோழிக்குக் கடைசியாக அன்டிபயோட்டிக் மருந்து கொடுக்கப்பட்டது எப்போது? மருந்தை நிறுத்தி எத்தனை நாட்களின் பின்னர் அது அறுக்கப்பட்டது?

இதற்கான விடையை நாம் வாங்கும் பொதியில் காண்பதில்லை. விற்பவரிடம் கேட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. அறுப்பவருக்கும் தெரிய வழியில்லை. நிறமோ மணமோ சுவையோ அதைக் காட்டிக்கொடுக்காது. மடுவத்தில் மிருக வைத்தியரோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ விலங்கைப் பார்த்து, நோயுள்ளதை ஒதுக்கலாம். இறைச்சிக்குள் எஞ்சியிருக்கும் மருந்தைக் கண்ணால் பார்த்து ஒதுக்க எவராலும் முடியாது. அதற்குப் பரிசோதனை ஒன்றே வழி.

நான் விஞ்ஞானம் கற்பிக்கும் ஓர் ஆசிரியன். மிருக வைத்தியனுமல்ல, ஆலிமுமல்ல. ஆனால், கோழிப்பண்ணைத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த குருநாகல் மாவட்டத்தில் பணியாற்றுவதால், இது எனக்குப் பாடப்புத்தகத்தோடு முடிந்துபோகிற விடயமல்ல. இறைச்சியில் மருந்து எச்சத்தைப் பரிசோதிக்குமாறு கேட்கும் முதல் குரல் எமது சமூகத்திலிருந்தே எழ வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

ஹோர்மோன் அல்ல, பிரச்சினை வேறு

முதலில் ஒரு தவறான அச்சத்தை நீக்கிவிடுவோம். "புரொய்லர் கோழிக்கு ஹோர்மோன் ஊசி போடுகிறார்கள், அதனால்தான் 40 நாளில் இரண்டு கிலோ வருகிறது" என்ற பேச்சு கல்யாண வீடுகளிலும் வட்ஸ்அப் குழுமங்களிலும் ஓயாமல் சுற்றுகிறது. புரொய்லர் வேகமாக வளர்வது பல தசாப்தங்களாகத் தெரிவு செய்து இனவிருத்தி செய்ததாலும், அளவாகத் தயாரிக்கப்பட்ட தீனாலும்தான். ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்துப் பிடித்து ஊசி போட எந்தப் பண்ணையாளருக்கும் நேரமுமில்லை, கட்டுப்படியாகவும் மாட்டாது.

அன்டிபயோட்டிக் கதை வேறு. ஒரு கூட்டில் சில கோழிகளுக்குச் சளியோ கழிச்சலோ வந்தால், நோயுள்ளதைத் தனியாகப் பிடித்துச் சிகிச்சை செய்வது நடைமுறையில் இயலாத காரியம். மருந்தைக் குடிநீரில் கலந்துவிடுவார்கள். நோயுள்ள கோழியும் குடிக்கும், நோயில்லாத கோழியும் குடிக்கும். இது சிகிச்சை. இதில் சட்டத்துக்கோ மார்க்கத்துக்கோ முரணான எதுவும் இல்லை. நோயுற்ற விலங்கைச் சிகிச்சையின்றி விடுவதுதான் பாவம்.

சிகிச்சைக்குப் பின்னர் என்ன நடக்கிறது என்பதில்தான் பிரச்சினை இருக்கிறது. உடலுக்குள் சென்ற மருந்து ஈரலாலும் சிறுநீரகத்தாலும் படிப்படியாக வெளியேற்றப்பட வேண்டும். அதற்குச் சில நாட்கள் தேவை. ஒவ்வொரு மிருக மருந்தின் சுட்டுத்துண்டிலும் இந்த நாட்கள் குறிப்பிடப்படுகின்றன. இதைக் காத்திருப்புக் காலம் என்கிறோம். கோழிக்குக் கொடுக்கும் மருந்துகள் பலவற்றுக்கு இது சில நாட்கள். மாட்டுக்குப் போடும், உடலில் நீண்டநேரம் நிற்கும் ஒக்சிடெட்ராசைக்ளின் ஊசிக்கு 28 நாட்கள் வரை போகலாம். அந்த நாட்கள் முடியும் முன்னர் அறுக்கப்பட்ட விலங்கின் இறைச்சியில் மருந்து எஞ்சியிருக்கும். சமைத்தால் போய்விடும் என்றும் நிம்மதியடைய முடியாது. சில மருந்துகள் வெப்பத்தில் ஓரளவு சிதையும்; சில அடுப்பில் கொதித்தாலும் பெரிதாக மாறுவதில்லை.

எவ்வளவு இருந்தால் அதிகம்?

உலக உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு, டெட்ராசைக்ளின் வகை மருந்துகளுக்கு ஒரு கிலோகிராம் தசையில் 200 மைக்ரோகிராம் என்று உச்ச வரம்பு விதித்திருக்கிறது. ஈரலுக்கு 600, சிறுநீரகத்துக்கு 1,200. ஈரலிலும் சிறுநீரகத்திலும் மருந்து கூடுதலாகத் தங்குகிறது என்பதை இந்த எண்களே சொல்கின்றன. பிள்ளைக்கு இரத்தம் ஊறட்டும் என்று கோழி ஈரலைத் தனியாக எடுத்து வைக்கும் தாய்மார் நம் வீடுகளில் அதிகம் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

கோழிகளுக்குக் கொடுக்கப்படும் என்ரோஃப்ளொக்சசின் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். உடலுக்குள் சென்றதும் அதன் ஒரு பகுதி சிப்ரோஃப்ளொக்சசினாக மாறுகிறது. நம் மருந்துக் கடைகளில் "சிப்ரோ" என்று கேட்டு வாங்கும் அதே மருந்துதான். இவ்விரண்டும் சேர்ந்து கோழித் தசையில் ஒரு கிலோவுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. வகுப்பில் செய்வது போல் ஒரு கணக்குச் செய்து பார்ப்போம். ஒரு சிப்ரோ மாத்திரையில் 500 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. அந்த ஒரு மாத்திரையை 5,000 கிலோகிராம் இறைச்சியில் சமமாகப் பரப்பினால்தான் அந்த வரம்புக்கு வரும். அதாவது ஐந்து தொன்.

அவ்வளவு சிறிய அளவு என்றால் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வரம்பைச் சற்றுத் தாண்டிய ஒரு துண்டு இறைச்சியை ஒரு நாள் சாப்பிட்டதால் எவரும் விழுந்துவிடப் போவதில்லை. பென்சிலின் ஒவ்வாமை உள்ள சிலருக்கு மட்டும் அது உடனடித் தொல்லையாகலாம். ஆனால், வரம்பு மீறல் வேறொன்றைச் சொல்கிறது. காத்திருக்க வேண்டிய நாட்கள் காத்திருக்கப்படவில்லை, அல்லது மருந்து சொல்லப்பட்ட அளவுக்கு மேல் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. பண்ணையின் கதவுக்குள் நடந்ததை வெளியே இருப்பவர் அறிய வேறு சாட்சி இல்லை. குளோரம்பெனிகோல் போன்ற சில மருந்துகளுக்கு வரம்பே கிடையாது. அரிதாக என்றாலும் இரத்தம் உற்பத்தியாவதையே நிறுத்திவிடக்கூடியது என்பதால், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைக் கொடுக்கவே கூடாது என்பது கோடெக்ஸின் நிலைப்பாடு.

பரிசோதனை மலையைப் புரட்டும் வேலையல்ல

பரிசோதனை என்றதும் கோடிக்கணக்கான ரூபா பெறுமதியான இயந்திரங்கள் நினைவுக்கு வரும். முதல் கட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை. பல நாடுகளில் பயன்படும் ஒரு முறை சாதாரண தர மாணவருக்கும் விளங்கக்கூடியது. வெப்பத்தை விரும்பும் தீங்கற்ற ஒரு பக்டீரியாவின் வித்துகளைச் சிறு குப்பியில் ஊதா நிற ஜெல்லியோடு வைத்திருப்பார்கள். அதன் மேல் இறைச்சியிலிருந்து பிழிந்த சாற்றைச் சில துளிகள் விட்டு, 64 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் வைப்பார்கள். பக்டீரியா வளர்ந்தால் அமிலம் சுரந்து ஜெல்லி மஞ்சளாகும். அப்படியென்றால் இறைச்சி தேறிவிட்டது. ஊதாவாகவே நின்றால், வளர்ச்சியைத் தடுக்கும் ஏதோ ஒன்று அந்தச் சாற்றில் இருக்கிறது என்று பொருள்.

இம்முறைக்குக் குறைபாடு உண்டு. பென்சிலின் வகைகளை நன்கு பிடிக்கும் இந்த பக்டீரியா, மேலே சொன்ன என்ரோஃப்ளொக்சசின் வகையை அவ்வளவாகப் பிடிக்காது. அதற்கு வேறு பக்டீரியாவைப் பயன்படுத்த வேண்டும். சந்தேகத்துக்குரிய மாதிரிகளில் இருப்பது எந்த மருந்து, எவ்வளவு என்று உறுதிப்படுத்தத்தான் திணிவு நிறமாலைமானி போன்ற விலையுயர்ந்த கருவிகள் தேவை. ஆயிரம் மாதிரிகளை எளிய முறையில் வடிகட்டி, சந்தேகத்துக்குரிய சிலவற்றை மட்டும் பெரிய ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதே உலகெங்கும் உள்ள வழக்கம். அமெரிக்காவில் தேசிய எச்சக் கண்காணிப்புத் திட்டம் 1967 முதல் நடைமுறையில் இருக்கிறது.

நம் பிராந்தியத்திலும் உதாரணம் உண்டு. 2014 இல் டில்லியிலுள்ள விஞ்ஞான, சுற்றாடல் மையம் என்ற தன்னார்வ நிறுவனம், தலைநகர்ப் பகுதியில் வாங்கிய 70 கோழி மாதிரிகளைத் தன் ஆய்வுகூடத்தில் பரிசோதித்தது. 40 சதவீதமானவற்றில் அன்டிபயோட்டிக் எச்சம் காணப்பட்டது. வெறும் 70 மாதிரிகள்தான். ஆனால், அந்த முடிவைப் பகிரங்கமாக வெளியிட்டதால் இந்தியாவில் இது தேசிய விவாதமானது.

பண்ணையாளரை மட்டும் குற்றவாளியாக்க வேண்டாம்

என்னிடம் படிக்கும் ஒரு மாணவனின் தந்தை கோழி வளர்ப்பவர். குஞ்சு, தீன், மருந்து எல்லாம் நிறுவனம் கொடுக்கும். கூடும் உழைப்பும் இவருடையது. வளர்ந்த கோழியை நிறுவனமே திரும்ப வாங்கும். பெற்றோர் கூட்டமொன்றின் பின்னர் பேசிக்கொண்டிருந்தபோது இந்தக் காத்திருப்புப் பற்றிக் கேட்டேன்.

"சேர், அஞ்சாவது கெழமையில சளி புடிச்சா மருந்து போடாம இருக்கேலுமா? போட்டுட்டுக் காத்திருந்தா தீன் செலவு யார்ட தலையில? ஏத்துற லொறி என்டைக்கி வாரதுண்டு நான் முடிவு பண்றல்ல" என்றார்.

அவர் சொன்னதைக் கணக்காகப் பார்ப்போம். அறுக்கும் வயதில் ஒரு கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 கிராம் தீன் தின்னும். 3,000 கோழிகள் உள்ள கூட்டில் ஒரு நாள் தாமதம் என்பது அரைத் தொன்னுக்கும் மேற்பட்ட தீன். ஒரு வாரம் காத்திருப்பது என்றால் நான்கு தொன்னுக்குக் கிட்ட. அதற்குள் கோழி சந்தை விரும்பும் நிறையைத் தாண்டிவிடும். அடுத்த தொகுதிக் குஞ்சுக்குக் கூடு ஒதுங்காது. சட்டமும் சுட்டுத்துண்டும் காத்திரு என்கின்றன. கணக்குப் புத்தகம் ஏற்றிவிடு என்கிறது. சிறு பண்ணையாளரை இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்திவிட்டு, மனச்சாட்சிப்படி நடந்துகொள் என்று உபதேசிப்பது நியாயமல்ல. காத்திருக்கும் நாட்களின் செலவை யார் ஏற்பது என்பது நிறுவனங்களின் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். இறைச்சி பரிசோதிக்கப்படும் என்று தெரிந்தால் நிறுவனம் தானாகவே அதை எழுதும். பரிசோதிக்கப்படாத வரை, காத்திருந்த பண்ணையாளரும் காத்திருக்காதவரும் ஒரே விலைதான் பெறுகிறார்கள். நேர்மையாக நடந்தவர்தான் நட்டப்படுகிறார்.

எச்சத்துக்கும் அப்பால்

இந்த விடயத்தை உலகம் பாரதூரமாக எடுப்பதற்குக் காரணம் மருந்துக்கு அடங்காத கிருமிகள். 2019 ஆம் ஆண்டில் மட்டும் இவ்வாறான பக்டீரியாத் தொற்றுகளால் நேரடியாக 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மரணித்ததாக லான்செட் மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மனிதர்கள் வைத்தியர் சொல்லாமலே மருந்து வாங்கி விழுங்குவது இதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று. பண்ணைகளும் பங்களிக்கின்றன. கோழிகளில் இருந்த கெம்பிலோபக்டர் கிருமி சிப்ரோவுக்கு அடங்காததாக மாறி மனிதர்களுக்குத் தொற்றியதால், அமெரிக்கா 2005 இல் கோழிகளுக்கு என்ரோஃப்ளொக்சசின் கொடுப்பதைத் தடை செய்தது. தடை யோசனை முன்வைக்கப்பட்டது 2000 இல். தயாரித்த நிறுவனத்தின் எதிர்ப்பைத் தாண்டி முடிவு வர ஐந்து வருடங்கள் எடுத்தன. வைத்தியசாலைகளில் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினுக்கு அடங்காத மரபணு ஒன்று சீனாவின் பன்றிகளிலும் இறைச்சியிலும் நோயாளரிலும் காணப்பட்டது 2015 இல் வெளியானது. 2017 இல் சீனா தீனில் கொலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. 2019 இல் இந்தியா உணவு விலங்குகளுக்கு அதைத் தடை செய்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எச்சப் பரிசோதனை மருந்தைத்தான் தேடும், கிருமியைத் தேடாது. காத்திருப்புக் காலம் முடிந்து மருந்து முற்றாக வெளியேறிய கோழியிலும் மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கலாம். ஆகவே, இப்பரிசோதனை எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. ஆனால், பண்ணையில் என்ன மருந்து, எந்த அளவில் பாவிக்கப்படுகிறது என்பது வெளிச்சத்துக்கு வராத வரை அடுத்த படிக்குப் போகவே முடியாது.

கேட்பவருக்கே பரிசோதனை

ஐரோப்பாவுக்கு வளர்ப்பு இறாலை அனுப்ப விரும்பும் எந்த நாடும், மருந்து எச்சக் கண்காணிப்புத் திட்டம் ஒன்றைக் காட்டி ஐரோப்பிய ஒன்றியத்தின் அங்கீகாரத்தைப் பெற வேண்டும். புத்தளம், சிலாபம் பகுதி இறாலுக்கும் இதே விதிதான். 2002 இல் குளோரம்பெனிகோல் விவகாரத்தில் சீனாவின் விலங்கு உற்பத்திகள் பலவற்றையே ஐரோப்பா நிறுத்தி வைத்தது. எங்கே வாங்குபவர் கண்டிப்பாகக் கேட்கிறாரோ அங்கே பரிசோதனை நடக்கிறது.

உள்நாட்டில் கேட்பவர் யார்? சட்டங்கள் இல்லாமலில்லை. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் சுகாதார அமைச்சின் கீழ். 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டமும் மிருக மருந்துக் கட்டுப்பாடும் கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் பக்கம். மருந்துக்கு அடங்காக் கிருமிகளுக்கு எதிரான தேசியத் திட்டம் 2017 முதல் இருக்கிறது. பண்ணை ஒரு அமைச்சுக்கும் தட்டு இன்னொரு அமைச்சுக்கும் உரியதாக இருக்க, இரண்டுக்கும் இடையில் நிற்கும் பாவனையாளன் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் இருக்கிறான்.

வாங்குபவர் கேட்டால் ஒரு முழுத் தொழிற்துறையே மாறும் என்பதை இந்த நாட்டில் ஏற்கனவே நிரூபித்துக் காட்டியவர்கள் முஸ்லிம்கள். சனத்தொகையில் பத்தில் ஒரு பங்கினராக இருந்தும், அறுப்புப் பற்றி நாம் விடாமல் கேட்டதால் பெரிய கோழி நிறுவனங்கள் ஹலால் சான்றிதழ் பெறுவதை வழக்கமாக்கின. கத்தி படும் அந்தச் சில விநாடிகளுக்கு இவ்வளவு கவனம் செலுத்திய நாம், அதற்கு முந்திய சில நாட்களைக் கேட்க மறந்துவிட்டோம்.

இந்தக் காத்திருப்பு எமது மார்க்க மரபுக்குப் புதிதுமல்ல. அசுத்தம் தின்று பழகிய விலங்கான ஜல்லாலாவை உண்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இப்னு உமர் (ரழி) அவர்கள் அவ்வாறான கோழியை மூன்று நாட்கள் அடைத்து வைத்த பின்னரே உண்பார்கள் என அறிவிக்கப்படுகிறது. கோழிக்கு மூன்று, ஆட்டுக்கு ஏழு, மாட்டுக்கு முப்பது, ஒட்டகத்துக்கு நாற்பது நாட்கள் என்று சட்ட அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். நாள் எண்ணிக்கையை விட இறைச்சியிலிருந்து அதன் பாதிப்பு நீங்குவதே அளவுகோல் என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்களின் விளக்கம். மருந்து அசுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டுக்கும் ஒரே சட்டம் என்றும் சொல்லவில்லை. அதை ஆலிம்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால், உள்ளே போனது வெளியேறும் வரை கத்தியை எடுக்காதே என்ற சிந்தனை எமக்கு அந்நியமானதல்ல. ஹலாலோடு தையிப் என்ற சொல் சேர்ந்து வருவதன் பொருளை இந்த இடத்தில் சிந்திக்கலாம்.

பேசினால் ஆபத்து, பேசாவிட்டால்?

இதைப் பற்றிப் பேசினால் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். 2013 இல் ஹலால் இலச்சினைக்கு எதிராக நடந்த பிரசாரத்தையும், அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அந்தப் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்ததையும் நாம் மறக்கவில்லை. 2020 செப்டெம்பரில் மாடறுப்பைத் தடை செய்யும் யோசனைக்கு அமைச்சரவை அனுமதி வழங்கியதையும் மறக்கவில்லை. "நாமே இறைச்சியில் குறை இருக்கிறது என்று சொன்னால், அவர்கள் கையில் தடியைக் கொடுத்தது போலாகாதா?" என்று ஆசிரியர் ஓய்வறையில் ஒரு சக ஆசிரியர் என்னிடம் கேட்டார்.

அந்த அச்சம் அடிப்படையற்றதல்ல. ஆனால், இந்தக் கேள்வி அறுப்பைப் பற்றியதல்ல. பண்ணையையும் மருந்தையும் பற்றியது. ஒரே கூட்டிலிருந்து ஏறும் கோழியைத்தான் சிங்களவரும் தமிழரும் கிறிஸ்தவரும் நாமும் உண்கிறோம். நாளை வேறொருவர் இதைக் கையிலெடுத்து "ஹலால் இறைச்சியில் மருந்து" என்று தலைப்புப் போடுவதற்கு முன்னர், எல்லோருக்குமான சுத்தமான இறைச்சியைக் கேட்டவர்களாக நாம் இருப்பதுதான் பாதுகாப்பு. அமானிதமும் அதுதான்.

என்ன செய்யலாம்?

முதலாவது, தகவல். வருடத்தில் எத்தனை இறைச்சி மாதிரிகள் மருந்து எச்சத்துக்காகப் பரிசோதிக்கப்பட்டன, எந்த மாவட்டத்தில், எத்தனை வரம்பை மீறின என்பதைச் சம்பந்தப்பட்ட திணைக்களங்கள் மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் இதைக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒரு பள்ளிவாசல் நிர்வாகமோ வாலிபர் சங்கமோ ஒரு கடிதத்தில் தொடங்கக்கூடிய வேலை இது.

இரண்டாவது, ஹலால் சான்றளிக்கும் நிறுவனங்கள். ஒவ்வொரு தொகுதிக் கோழியோடும் கடைசியாக மருந்து கொடுத்த திகதி எழுதிய பண்ணைப் பதிவு வர வேண்டும், மாதிரிக்குச் சில கோழிகளாவது பரிசோதிக்கப்பட வேண்டும் என்பதைச் சான்றிதழின் நிபந்தனையாக்கி, அதைப் பாவனையாளருக்கும் தெரியப்படுத்தலாம்.

மூன்றாவது, உழ்ஹிய்யா. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் மாடுகள் கைமாறுகின்றன. தூர இடங்களிலிருந்து ஏற்றப்படுகின்றன. வழியில் நோயுற்றால் ஊசி போடப்படுகிறது. குறையில்லாத பிராணிதானா என்று வயதையும் கண்ணையும் காலையும் பார்க்கும் நாம், "கடைசி ஊசி எப்போது?" என்ற கேள்வியையும் விற்பவரிடமும் அரச மிருக வைத்தியரிடமும் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். காத்திருப்பு முடியாத மாட்டை வாங்காமல் விடலாம். அந்த இறைச்சி போய்ச் சேர்வது ஏழைகளின் வீட்டுக்கும்தான்.

நான்காவது, நம் வீடுகள். இதை வாசித்துவிட்டுக் கோழி சாப்பிடுவதை நிறுத்த வேண்டாம். சிறு பண்ணையாளரின் பிழைப்பில் மண் போடவும் வேண்டாம். பிள்ளைக்குத் தடிமன் என்றதும் வைத்தியர் துண்டில்லாமல் மருந்துக் கடைக்கு ஓடி அன்டிபயோட்டிக் வாங்குவதை நிறுத்துவோம். பண்ணைக்காரரிடம் கேட்கும் ஒழுங்கை நாமும் கடைப்பிடித்தால்தான் அந்தக் கேள்விக்குப் பெறுமதி இருக்கும்.

அடுத்த முறை இறைச்சிக் கடையிலோ நிறுவனத்தின் வாடிக்கையாளர் இலக்கத்திலோ இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். முதல் ஆளுக்கு விடை கிடைக்காது. பத்தாவது ஆளுக்கும் கிடைக்காமல் போகலாம். ஆயிரம் பேர் கேட்டால், விடையைத் தயாராக வைத்திருப்பதுதான் வியாபாரத்துக்கு நல்லது என்று அவர்களுக்குப் புரிந்துவிடும். ஹலால் விடயத்தில் அப்படித்தான் நடந்தது. இதிலும் நடக்கும், இன்ஷா அல்லாஹ்.